இரண்டு தலைவர்களும் ஒரு கறுப்புத் திரையும்

ஆஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் சுஜீதனுக்கு எழுதிய கடிதத்தில் இருபத்தெட்டு நாள் என்று இருந்தது. அவனுடைய மடிக்கணினியின் கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்கியூ என்று இருந்தது. இரண்டையும் அவன் மே மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், வெஸ்ட்மீட்டில் இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பார்த்தான். ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பது அவன் வேலை. திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமில் இருப்பவள் அவன் மனைவி சிவகௌரி. உடனே அவளுக்குப் போன் எடுத்தான்.

"கடிதத்தில என்ன கேக்கினம்?"

"நீ என்ர மனுசிதான் எண்டதுக்கு ஆதாரம் கேக்கினம்."

"கலியாணப் பதிவு குடுத்தனாங்கள்தானே?"

"அது கலியாணம் நடந்ததுக்கு ஆதாரமாம். நாங்கள் புருசன் பெண்சாதியா இருக்கிறதுக்கு வேற வேணுமாம். படங்கள், கதைச்சது, எழுதினது, நான் வந்து போனது எல்லாம்."

"அதெல்லாம் லப்டொப்பில கிடக்கெண்டு சொன்னனீங்கள்."

"கிடக்கு. லப்டொப்தான் எழும்புதில்லை."

மூன்று தடவை இந்தியா போய் வந்ததில் எடுத்த ஆயிரத்து நானூறு படங்கள் அதற்குள் இருந்தன. நான்கு வருடம் இருவரும் எழுதிக்கொண்ட செய்திகளும் இருந்தன. அவற்றை முதலில் வைத்திருந்த கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துவிட்டது. சிவகௌரி பேசுவது அக்காவின் கைபேசியில். அக்கா, இடம் போதவில்லை என்று மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்துவிடுபவள்.

"அதில என்ன எழுதியிருக்கு?"

"ரெஸ்கியூ எண்டு கிடக்கு. மீட்பு."

"அப்ப ஆரோ மீட்க வருவினம்," என்றாள் சிவகௌரி. ஐந்து வயதிலிருந்து முகாமில் வளர்ந்தவள். அந்தச் சொல்லைக் கேட்டால் வரிசையில் போய் நிற்கத்தான் அவளுக்குத் தெரியும்.

அந்த மடிக்கணினியை அவனுக்குக் கொடுத்தது ஆஸ்திரேலியக் கட்டற்ற தமிழ்க் கணினிப் பேரவை. இலங்கைத் தமிழருடைய சங்கம் ஒன்றும் இந்தியத் தமிழருடைய சங்கம் ஒன்றும், மண்டப வாடகை கட்டுப்படியாகாமல், ஒற்றுமை என்ற உயர்ந்த நோக்கத்தோடு இணைந்ததில் உண்டானது அது. தலைவர் பதவியை எவரும் விட்டுக்கொடுக்காததால் இரண்டு தலைவர்கள். ஒற்றைப்பட மாதங்களில் இந்திரகுமார். இரட்டைப்பட மாதங்களில் கௌரிசங்கர்.

போன வருட ஆண்டு விழாவில் பேரவை ஏழைகளுக்கு மடிக்கணினி வழங்கியது. பயனாளி ஒருவர். விண்டோஸ் அடிமைத்தனம், லினக்ஸ் விடுதலை, இரண்டையும் ஒரே வட்டில் வைப்பதே நாகரிகம் என்று அன்று பேசினார்கள். மடிக்கணினியைத் திறந்தால் முதலில் ஒரு பட்டியல் வரும்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலின் இரு பக்கமும் இரு தலைவர்களின் படங்கள். யார் படம் இடப்பக்கம் என்று முடிவு செய்ய நான்கு மாதம் எடுத்தது. பேரவையின் தொழில்நுட்பச் சாதனைகளில் அது தலையாயது.

ஞாயிறு இரவு, அவன் வேலையில் நின்ற நேரம், விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. வட்டுக்குள் ஒரு சுவரைக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்தது. காலையில் பட்டியல் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரை வந்தது. உள்ளே இருந்த ஒரு படம்கூட அழியவில்லை. அந்தப் பட்டியலைக் காட்டுகிற கிரப் என்ற வாசற்காவலாளிக்கு வீட்டு விலாசம் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேரவைக்கு ஓர் உதவி மேசை உண்டு. ஞாயிறுதோறும் பென்டில் ஹில்லில் வாடகை மண்டபமொன்றில், காலை பத்து மணியிலிருந்து பத்தே முக்கால்வரை. சுஜீதன் ஆறாம் நாள் மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனான். முதலில் மங்கல விளக்கை ஒரு தலைவர் ஏற்றினார். பிறகு அதை அணைத்து மற்றத் தலைவர் ஏற்றினார். தமிழ் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. பத்து நாற்பதுக்கு செயலாளர் கிருஷ்ணசாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "வாங்க, சொல்லுங்க," என்றார்.

"லப்டொப் எழும்புதில்லை, அங்கிள். கிரப் ரெஸ்கியூ எண்டு நிக்குது."

"படிவம் ஏழு பூர்த்தி பண்ணீங்களா?"

"இல்லை. அது எங்க இருக்கு?"

"நம்ம இணையதளத்துல. பழுதான கணினியிலேர்ந்துதான் பூர்த்தி பண்ணணும். வேற கணினியிலேர்ந்து பண்ணா அது அந்தக் கணினியோட புகாரா ஆயிடும்."

"பழுதான கணினி எழும்பாது, அங்கிள்."

"அதத்தான் மூணாவது கேள்வியில எழுதணும். அப்புறம் திரையோட படம் ஒண்ணு இணைக்கணும். கணினி தானே எடுத்த படமா இருக்கணும். போன்ல எடுத்தது செல்லாது. போனெல்லாம் பெருமுதலாளிங்களோடது."

சுஜீதன் ஒன்றும் விளங்காமல் தலைவர் இந்திரகுமாரைப் பார்த்தான். மே மாதம். அவருடைய ஆட்சி. வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, நான் கொழும்பில முப்பது வருசம் அரசாங்கத் திணைக்களத்தில இருந்தனான். என்ர மேசைக்கு வந்த கோப்பு கெதியாப் போயிட்டுது எண்டு ஒருத்தரும் குறை சொன்னதில்லை. கெதியாச் செய்யிறவனில சனத்துக்குப் பயம் வராது. பயம் இல்லாட்டி மரியாதை எங்கால வரும்?"

"எனக்கு இருபத்திரண்டு நாள்தான் கிடக்கு அங்கிள். மனுசிக்கு விசா—"

"அதெல்லாம் நாங்கள் யோசிச்சு வைச்சிருக்கிறம். இது கட்டற்ற பேரவை. இஞ்ச ஆரும் ஆரையும் கட்டுப்படுத்தேலாது. அதுக்காகத்தான் நூற்றிப் பதினாலு விதி எழுதி வைச்சிருக்கிறம்."

விதி முப்பத்தொன்றின்படி, படிவம் இல்லாமல் வந்த கணினி அநாதை. அநாதைகளைப் பேரவை கைவிடாது. மடிக்கணினியைத் துவாயோடு வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்கள். அலுமாரிக்கு இரண்டு பூட்டு, தலைவருக்கு ஒன்று.

"எப்ப தருவியள்?"

"தம்பி அவசரப்படுறார்," என்றார் இந்திரகுமார். மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

மண்டபத்தின் பின்னால் குசினி. அங்கே சந்திரவதனா உழுந்து வடை பொரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஒரு பல்கலைக்கழகத்தின் அறுநூறு லினக்ஸ் இயந்திரங்களை எழுப்பவும் படுக்கவைக்கவும் பொறுப்பானவர். பேரவையில் பெண்களுக்கு உரிய இடம் கொடுக்கவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தபோது, அந்த இடம் குசினி என்பதையும் ஒருமனதாகவே தீர்மானித்திருந்தார்கள். அவர் சிற்றுண்டி உபகுழுவின் தலைவி. உபகுழுவில் வேறு ஆளில்லை.

"தம்பி, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு? வடை சாப்பிடுங்கோ."

அவன் சொன்னான்.

"மேல ஒரு வரி இருந்ததோ, பகுதியைக் காணேல்லை எண்டு?"

"ஓம் அக்கா."

"பத்து நிமிச வேலை. யூஎஸ்பி ஒண்டால எழுப்பி, வாசலைத் திருப்பி அதின்ர இடத்தில வைச்சால் சரி. ஒரு படமும் போகாது. கொண்டாங்கோ லப்டொப்பை."

"அலுமாரிக்குள்ள வைச்சிட்டினம்."

சந்திரவதனா அடுப்பை அணைத்தார். "ஏன் தம்பி குடுத்தனீங்கள்?"

"உதவி மேசை எண்டு வெளியில எழுதியிருந்தது அக்கா."

அடுத்த ஞாயிறு யூன் முதலாம் திகதி. தலைவர் நாற்காலியில் கௌரிசங்கர் இருந்தார். நகரத்தில் பெரிய நிறுவனமொன்றில் திட்ட மேலாளர். கையில் மணிக்கூட்டுக்குப் பதிலாக நாடித்துடிப்பு பார்க்கும் பட்டி கட்டியிருப்பவர். ஒருவர் பேசும்போது அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"போன கிழமை வந்தனான் சேர். லப்டொப்—"

"போன வாரம்னா மே மாசம். மே மாசப் புகார் மே மாசத்தோட முடிஞ்சு போச்சு, சுஜீதன். இது புது நிர்வாகம். முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். அதுதான் க்ளீனா இருக்கும்."

கிருஷ்ணசாமி எழுந்து நின்று இன்னொரு சிக்கலைச் சபைக்கு வைத்தார். படிவத்தில் பழுதான உறுப்பின் தமிழ்ப் பெயர் கேட்கப்பட்டிருக்கிறது. கணினியை எழுப்பிவிடுகிற அந்தச் சின்ன நிரலுக்குப் பேரவையில் இன்னும் பெயர் இல்லை. கலைச்சொல் உபகுழு மூன்று வருடமாகக் கூடுகிறது. யாழ்ப்பாணத்தார் சொல்வதைச் சென்னையார் ஏற்பதில்லை. சென்னையார் சொல்வதைக் கோவையாரே ஏற்பதில்லை.

"அப்ப பெயர் இல்லையெண்டு எழுதுங்கோவன்," என்றான் சுஜீதன்.

எழுதினார்கள். பெயர் இல்லாத பொருளைப் பேரவை அங்கீகரித்ததாகாது, அங்கீகரிக்காத பொருள் பேரவையின் கணினியில் இருந்திருக்க முடியாது, இல்லாத பொருள் பழுதாக முடியாது, ஆகவே கணினி நல்ல நிலையில் உள்ளது என்று கூட்டக் குறிப்பில் பதிந்து முன்மொழிந்து வழிமொழிந்தார்கள்.

"நல்ல நிலையில இருந்தால் திருப்பித் தாங்கோ."

கௌரிசங்கர் கைப்பட்டியைப் பார்த்தார். "சுஜீதன், நீங்க இத ஒரு லேப்டாப்பா பாக்குறீங்க. நான் இத ஒரு வாய்ப்பா பாக்குறேன். இந்த நாட்டுல எத்தனை தமிழர் கணினி எழுந்திருக்காம கெடக்கு? அத்தனை பேரோட வலிக்கும் நீங்க ஒரு முகம். பதினாலாம் தேதி ஆண்டு விழா. முந்நூறு பேர் வர்றாங்க. மேடையில வச்சு, சிறப்பு விருந்தினர் கையால சரி பண்ணிக் குடுப்போம்."

"பதினாறாம் திகதி கடைசி நாள் சேர். அதுக்குள்ள நான் ஆயிரத்து நானூறு படத்தையும் பார்த்து ஏத்தவேணும்."

"பதினாலுக்கு அப்புறந்தானே பதினாறு வருது?"

இதற்குச் சபை கைதட்டியது. திட்டமிடல் என்றால் கௌரிசங்கர்தான் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது சுஜீதனுக்குக் கேட்டது.

"நாள் கூட்டித் தரச்சொல்லித் திணைக்களத்தைக் கேக்கேலாதோ?" என்று அன்று சிவகௌரி போனில் கேட்டாள்.

"கேட்டு எழுதினனான். பேரவை எண்டால் என்ன எண்டு திருப்பிக் கேட்டிருக்கினம்."

"நீங்கள் என்ன எழுதினீங்கள்?"

"ஒண்டும் எழுதேல்லை. எனக்கும் தெரியாது."

எட்டாம் திகதி அவன் மண்டபத்துக்குப் போய், மடிக்கணினி திருத்தாமலே வேண்டும், அப்படியே தந்துவிடுங்கள் என்று கேட்டான். மீளப்பெறும் விண்ணப்பம் படிவம் பதினொன்று என்றும், இரு தலைவர்களின் கையொப்பமும் பூட்டுகளின் இரு திறப்புகளும் வேண்டும் என்றும் கிருஷ்ணசாமி சொன்னார். கௌரிசங்கர் உடனே கையொப்பமிட்டார், திறப்பையும் மேசையில் வைத்தார். தான் தடையாக இருந்ததாக எவரும் பின்னால் சொல்லக்கூடாது என்றார். இந்திரகுமாரைக் காணவில்லை. சுஜீதன் போன் எடுத்தான்.

"தம்பி, நான் மெல்பேர்ண்ல நிக்கிறன். த பேசின் எண்ட இடத்துப் பிள்ளையார் கோயிலடி. விக்கினமெல்லாம் தீரவேணும் எண்டு கும்பிட வந்தனான்."

"அங்கிள், அலுமாரித் திறப்பு?"

"என்ர இடுப்பில பத்திரமாக் கிடக்கு. நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

"ஆரிட்டையாவது குடுத்துவிட்டிருக்கலாமே அங்கிள்?"

"திறப்பை இன்னொருத்தரிட்டைக் குடுத்தால் பிறகென்ன தலைவர்? உம்மட பேரிலையும் ஒரு அர்ச்சனை செய்விக்கிறன். நட்சத்திரம் என்ன?"

சுஜீதன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

சந்திரவதனா குசினியிலிருந்து வந்தார். கையில் திருப்புளி. அலுமாரிக் கதவின் பிணைச்சலுக்கு முன்னால் முழங்காலில் இருந்து முதல் ஆணியைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றும்போது கிருஷ்ணசாமி கண்டுவிட்டார்.

"என்ன பண்றீங்க மேடம்? இது உடைப்பு!"

"உடைக்கேல்லை. கழட்டுறன். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"உங்களுக்கு இதுல என்ன அதிகாரம்?"

"அறுநூறு மெஷினைப் பாக்கிறனான்."

"இங்க நீங்க வடை."

அவசரக் கூட்டம் கூடியது. சந்திரவதனாவை வடையிலிருந்து தேநீருக்கு இறக்கினார்கள். திருப்புளியைச் சான்றுப் பொருளாக அதே அலுமாரிக்குள் வைக்க முடிவாயிற்று. ஒரு திறப்பு மெல்பேர்ணில் இருந்ததால் வைக்க முடியவில்லை. ஆகவே அதைக் கிருஷ்ணசாமி ஆண்டு விழாவரை சட்டைப் பையிலேயே குத்திக்கொண்டு திரிந்தார்.

விழாவுக்கு முதல் நாள் இரு தலைவர்களும் வந்து, புகைப்படக்காரர் முன்னிலையில், ஒரே நேரத்தில் இரண்டு திறப்புகளையும் திருகினார்கள். தொழில்நுட்ப உபகுழு மடிக்கணினியைப் பொறுப்பேற்றது. அதுவும் கிருஷ்ணசாமிதான்.

"பழுது பாக்குறதுன்னா முழுக்கக் கறுப்புத் திரை சார். வெள்ளை எழுத்து. வரிவரியா ஓடும்," என்றார் அவர். "பெரிய திரையில போட்டா துக்க வீடு மாதிரி இருக்கும்."

"வேற வழி இருக்கா?" என்றார் கௌரிசங்கர்.

"புதுசாவே போட்டுடலாம். நம்ம பேரவையோட சொந்தப் பதிப்பு. எல்லாம் தமிழ்ல வரும். பின்னணியில கோபுரம், கங்காரு, உங்க ரெண்டு பேர் படம். கலர்ஃபுல்லா இருக்கும்."

"எந்தப் பக்கம் ஆரின்ர படம்?" என்றார் இந்திரகுமார். அந்த மடிக்கணினியைப் பற்றி அன்று கேட்கப்பட்ட ஒரேயொரு கேள்வி அது.

யூன் பதினான்கு, சனிக்கிழமை. மேடை நடுவில் பட்டுத்துணி விரித்த மேசை, அதன்மேல் சுஜீதனுடைய மடிக்கணினி. மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். முன்னால் எலுமிச்சம்பழம். மடிக்கணினியின் திரை பின்னால் சுவரளவு பெரிதாகத் தெரிந்தது. பதினொரு பேர் பேசினார்கள். சுஜீதனுக்கு மூன்றாம் வரிசையில் இடம், நெஞ்சில் "பயனாளி" என்ற பட்டை. எழுந்து போகக்கூடாது, ஏற்புரை நிகழ்ச்சி நிரலில் இருபத்திரண்டாவது என்று இரண்டு பக்கமும் தொண்டர்கள் இருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் சேகர், வீட்டுக்கடன் முகவர். விழாவின் பெரிய கொடையாளர். கணினியைத் தன் உதவியாளர்கள்தான் தொடுவார்கள் என்று பெருமையோடு சொல்லிவிட்டுத்தான் மேசைக்கு வந்தார்.

"இந்தப் பட்டனைத் தட்டணும் சார்," என்று கிருஷ்ணசாமி காட்டிக் கொடுத்தார்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

கணினி தமிழில் கேட்டதைக் கண்டு சபை புல்லரித்துப்போயிற்று. முந்நூறு பேரும் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். எழுத்துருவின் அழகைப் பற்றி ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு எடுத்துச் சொன்னார். எழுத்தை வாசித்தவன் ஒருவன்தான்.

"நிப்பாட்டுங்கோ!" என்று சுஜீதன் எழுந்தான். "ஐயா, அதைத் தொடாதேங்கோ!"

"தம்பி இருங்கோ, உங்கட முறை பிறகு," என்று தொண்டர்கள் தோளில் கைவைத்து இருத்தினார்கள். "சந்தோசத்தில கத்துறார்," என்று ஒருவர் பின்வரிசைக்கு விளக்கினார்.

சேகர் தட்டினார். புகைப்படக்காரரின் விளக்கு எரியவில்லை.

"சார், இன்னொரு வாட்டி."

திரை கேட்டது: உறுதியாகவா? அழித்ததை மீட்க முடியாது.

சேகர் புன்னகையோடு தட்டினார். விளக்கு எரிந்தது. படத்தில் இந்திரகுமார் கண்ணை மூடியிருந்தார்.

"எனக்காண்டி ஒருக்கா," என்றார் இந்திரகுமார். "முப்பது வருசமும் எனக்கு இதுதான் பிரச்சினை. படம் எடுக்கேக்கை கண் மூடிப்போடும்."

அப்போதுதான் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு, தேநீர்த் தட்டோடு சந்திரவதனா ஓடி வந்தார். பெரிய திரையை அவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "பட்டனை அமத்தாதேங்கோ! வயரைக் கழட்டுங்கோ!" என்று கத்தினார். தட்டு விழுந்து கோப்பைகள் உடைந்தன. கிருஷ்ணசாமி மேடை ஓரத்துக்கு வந்து, "தேநீர் இடைவேளைலதான், மேடம்," என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

திரை கேட்டது: கடைசி முறையாகக் கேட்கிறோம்.

இந்திரகுமார் கண்ணை அகல விரித்தார். கௌரிசங்கர் வயிற்றை உள்ளே இழுத்தார். சேகர் தட்டினார். படம் நன்றாக வந்தது.

பிறகு சேகர் பேசினார். "எனக்கு டெக்னாலஜி தெரியாதுங்க. ஆனா ஒண்ணு தெரியும். பழசையெல்லாம் தொடச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். என் கிளையண்ட்ஸ்கிட்டயும் இதத்தான் சொல்றேன். அவங்களுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கவே மாட்டேன்."

விழா முடிய, பேரவையின் அன்பளிப்பாக, அன்றைய நிகழ்ச்சியின் முழுக் காணொளியையும் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் பத்து நிமிடம். ஒன்று இந்திரகுமார் பக்கத்துக் கமராவில் எடுத்தது, இன்னொன்று கௌரிசங்கர் பக்கத்துக் கமராவில் எடுத்தது. மடிக்கணினி இப்போது ஒன்பது விநாடியில் எழும்பியது.

ஞாயிறு முழுவதும் அது சந்திரவதனா வீட்டுக் குசினி மேசையில் கிடந்தது. அவர் வட்டைத் தனியே கழற்றி, தன் இயந்திரத்தில் பூட்டி, மிச்சம் ஏதும் கிடக்கிறதா என்று தோண்டினார். சுஜீதன் எதிரே இருந்தான்.

"ஏதும் வருதோ அக்கா?"

"கோபுரம் வருது. கங்காரு வருது."

"படங்கள்?"

"அழிச்சால்கூட எடுக்கலாம் தம்பி. உவை அதுக்கு மேல எட்டு மணித்தியால வீடியோவை ஏத்தி வைச்சிருக்கினம். உங்கட படம் கிடந்த இடத்தில இப்ப கௌரிசங்கர் பேசிக்கொண்டிருக்கிறார்."

பின்னேரம் ஒரு படம் வந்தது. பாதிப் படம். கலியாணத்தன்று கோயில் வாசலில் எடுத்தது. இடப்பக்கத்தில் மாலையோடு சுஜீதன் சிரித்துக்கொண்டு நின்றான். வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல். அவன் தோளில் ஐந்து விரல் தெரிந்தது. மருதாணி போட்ட விரல்கள். அவ்வளவுதான் சிவகௌரி.

திங்கட்கிழமை அந்தப் படத்தையும், நடந்ததை விளக்கிச் சந்திரவதனா எழுதிய கடிதத்தையும் திணைக்களத்துக்கு ஏற்றினான். கடைசி நாள் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஏற்றுவதற்குத்தான் வேறொன்றும் இருக்கவில்லை.

யூலையில் கிருஷ்ணசாமி போன் எடுத்தார்.

"சுஜீதன், ஆண்டு மலர் போடுறோம். பயனாளி பக்கத்துக்கு உங்க குடும்பப் படம் ஒண்ணு வேணும். நீங்களும் வீட்டம்மாவும் சேர்ந்து நிக்கிற மாதிரி."

"படம் இல்லை அங்கிள்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"எல்லாம் லப்டொப்பில இருந்தது."

"அத சரி பண்ணிக் குடுத்துட்டோமே. அப்புறம் ஏன் இல்ல?" கிருஷ்ணசாமி கொஞ்சம் யோசித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, பேரவை எதையும் சரிபாத்துத்தான் அச்சுல போடும். நீங்க நெசமாவே கல்யாணம் ஆனவர்தானா?"

சுஜீதன் போனை வைத்தான். இருந்த அந்தப் பாதிப் படத்தை அனுப்பி வைத்தான். அடுத்த நாள் கிருஷ்ணசாமியிடமிருந்து செய்தி வந்தது: படம் அருமை. பக்கத்துல சாம்பல் கலர்ல என்னமோ இருந்துச்சு, வெட்டிட்டோம். தோள்ல ஏதோ அழுக்கு, அதையும் எடுத்தாச்சு.

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, வேலை முடிந்து வந்தபோது ஆண்டு மலர் தபாலில் வந்து கிடந்தது. வழவழப்பான தாள். அட்டையில் சேகர் தட்டுகிறார், இந்திரகுமாரின் கண் திறந்திருக்கிறது. கைபேசியைப் பார்த்தான். திணைக்களத்தின் மின்னஞ்சலும் வந்திருந்தது. அவன் சிவகௌரிக்குப் போன் எடுத்தான்.

"ரெண்டும் வந்திட்டுது. எதை முதல்ல வாசிக்க?"

எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் யோசித்தாள். பத்து விநாடி இருக்கும்.

"பேரவையின்ரயை வாசியுங்கோ. அது நல்ல விசயமா இருக்கும்."

அவன் பக்கம் நாற்பத்தொன்றைத் திறந்தான். மாலையோடு தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். தோள் துப்புரவாக இருந்தது.

"படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கினம்?"

"திரு சுஜீதன், பயனாளி. திருமணமாகாதவர்."



"மற்றதில?" என்றாள்.

அவன் மின்னஞ்சலைத் திறந்து, நான்கு பக்கத்தையும் கடைசிவரை வாசித்தான்.

"மற்றதிலையும் உதுதான்," என்றான்.